கரடியின் இடது கை

வார்னிஷ் காயாத அட்டைக்கு ஒரு வாசம் உண்டு. மண்ணெண்ணெய் வாசமும் இல்லை, பெயின்ட் வாசமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், அளவுக்கு மீறிப் பழுத்த ஏதோ ஒரு பழத்தைப் போல. மூக்கில் ஏறினால் நெற்றிப்பொட்டு வரை போய் உட்கார்ந்துகொள்ளும். போன வாரம், நான் வேலை பார்த்த அச்சகத்தின் டிசைனர் கவிதா என் வீட்டுக்கு வந்து, பையிலிருந்து ஒரு ஷீட்டை உருவி என் மடியில் விரித்தாள். முதலில் அந்த வாசம்தான் வந்தது. படம் பிறகுதான் வந்தது.

படத்தில் ஒரு சிங்கக்குட்டி. பிடரியில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக மின்னியது.

"நான் வரையலக்கா. இன்ன மாதிரி வேணும்னு அடிச்சேன், கம்ப்யூட்டரே வரைஞ்சு குடுத்துருச்சு. மொதல்ல கையில ஆறு வெரலு போட்டுருச்சுக்கா! நான்தான் ஒண்ணை அழிச்சேன்" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் எதிலோ தட்டி நின்றுவிட்டது. அவள் கவனித்துவிட்டாள். "உங்க காலத்துல எப்படிக்கா செஞ்சீக? எழுதிக் குடுங்களேன், படிக்கணும் போல இருக்கு" என்றாள்.

எழுதுகிறேன் கவிதா. நீ கேட்டது வரைந்த கதையை. ஆனால் வரைந்த பிறகு நான் வாயை மூடிக்கொண்டிருந்த கதையும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். பிரித்து எடுக்க எனக்குத் தெரியவில்லை.

நான் நாரணாபுரத்துக்காரி. அம்மா பட்டாசுக் கம்பெனியில் டப்பா ஒட்டினாள். கிழிந்த லேபிள்களை எனக்காக முந்தானையில் முடிந்து வருவாள். அவற்றைப் பார்த்துப் பார்த்து வரைந்து கை திருந்தியது. மதுரையில் ஆறு மாதம் மல்டிமீடியா படித்தேன். திரும்பி வந்து அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை, ஊறுகாய் லேபிள், சீயக்காய்ப் பொட்டலம் என்று ஐந்து வருடம். என் பயிற்சிக்காலம் அவ்வளவுதான். கண்கள் இரண்டும் போதும் என்று சொன்ன நாளில் வேலையை விட்டேன். நடுவில் கிடந்த இருபத்துச் சொச்சம் வருடங்களில் எத்தனையோ மிருகங்களை வரைந்திருக்கிறேன். மனதில் எழுந்து நடமாடுவது ஒரு கரடிதான்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நடந்தது. எங்கள் ஆர்ட் செக்‌ஷனில் நாங்கள் மூன்று பேர், எங்களுக்குத் தலையாக வேலுச்சாமி சார். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ப்ரூஃப் எடுத்துக்கொண்டு போய் வைத்தால் முதல் வேலையாக அதைத் தலைகீழாகத் திருப்புவார். "நேரா வச்சா படம் நம்மகிட்டப் பேசிப் பேசி மயக்கிரும்மா. தலைகீழா வச்சா கலரு மட்டும்தான் நிக்கும்" என்பார். பிறகு லென்ஸை எடுத்து, ஆடு மேய்கிற மாதிரி ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நிதானமாகப் போவார். தப்பு இருந்தால் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி, அவ்வளவுதான். என்ன தப்பு என்று சொல்லமாட்டார். புள்ளியைப் பார்த்துக்கொண்டு நாம் அரை நாள் உட்கார வேண்டும். புள்ளி இல்லாவிட்டால் ஓரத்தில் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு தாள் மிஷின் ஏறாது.

அவருடைய இடது கையில் சுண்டு விரல் இல்லை. அடியோடு இல்லை. வாலிபத்தில் பட்டாசுக் கம்பெனியில் இருந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படி, எங்கே என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் கேட்கமாட்டார்கள். அந்தக் கை பெரும்பாலும் பேன்ட் பைக்குள்ளேயே இருக்கும். பல வருடமாக அப்படியே இருந்ததால் அவருக்கு ஒரு கைதான் என்பதுபோல எங்களுக்கும் பழகிவிட்டது.

அந்த வருடம் தங்கராஜ் அண்ணாச்சி புதிதாக ஓர் ஆர்டர் கொண்டுவந்தார். நாரணாபுரத்தில் பட்டாசு யூனிட் வைத்திருந்தவர். பிள்ளைகளுக்கென்று சின்னப் புஸ்வாணம் போடுகிறார். டப்பாவுக்கு ஒரு மிருகம் வேண்டும். நான் என் கம்ப்யூட்டர் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சியும் சாரும் பேசியது காதில் விழுந்துகொண்டே இருந்தது.

"யானை போடுவமா அண்ணாச்சி?"

"பிள்ளையார்னு கும்பிடுவாக வேலு. தீவாளிக்கு மறுநா டப்பா தெருவுல கெடந்து மிதிபடும். அந்தப் பாவம் நமக்கெதுக்கு?"

"கொரங்கு?"

"அனுமாரு."

"சரி, பசுமாடு?"

"ஏம்யா, என்னைய ஊரைவிட்டு வெரட்டணும்னு முடிவு பண்ணிட்டீரா?"

"மொயலு?"

"வெடிச்சத்தம் கேட்டா மொத ஆளா ஓடுறது அதுதான். அது டப்பாவுல நின்னு இளிச்சா எவன் நம்புவான்?"

கடைசியில் கரடியில் வந்து நின்றது. "கரடின்னா தங்கராஜ் கரடி விடுறான்னு ஊரே சொல்லும். சொல்லட்டும், என் பேத்திக்குக் கரடின்னா உசுரு" என்று எழுந்தவர், போகும்போது இரண்டு நிபந்தனை சொன்னார். கறுப்பு, கன்னங்கறுப்பாக இருக்க வேண்டும். கையில் எதுவும் இருக்கக் கூடாது. "மத்தாப்பு, கித்தாப்பு எதையும் பிடிக்க விட்டுறாதீக. பிள்ளைக பார்த்துட்டு அப்படியே புஸ்வாணத்தைக் கையில பிடிச்சிரும்." முந்தின வருடம் அவர் யூனிட்டில் வெடிமருந்து பற்றி ஓர் அறை வெடித்துப் போய்விட்டது. ஆட்கள் சாப்பிட வெளியே வந்திருந்த நேரம், உயிர்ச்சேதம் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து மனிதர் பாதித் தூக்கத்தில்தான் இருந்தார்.

சார் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். சீயக்காய் வரைந்துகொண்டிருந்தவளுக்கு உயிருள்ள ஒன்று!

கரடியைப் பென்சிலில் பதினேழு தடவை போட்டேன். நின்றது, உட்கார்ந்தது, குட்டிக்கரணம் அடித்தது. கடைசியில், புஸ்வாணத்துக்கு நாலடி தள்ளி நின்றுகொண்டு, இடது கையைத் தூக்கி "வாங்க, வாங்க" என்று கூப்பிடுகிற கரடி. ஸ்கேன் செய்து திரையில் ஏற்றி, கோட்டின் மேல் புள்ளி புள்ளியாக வைத்து வளைத்தேன். மவுஸில் வளைக்கிற கோடு பென்சில் கோடு மாதிரி இல்லை. ஒரு புள்ளியை இழுத்தால் அடுத்த புள்ளி கோபித்துக்கொண்டு முறுக்கும். குறைந்த புள்ளியில் நிறைய வளைவு எடுக்கத் தெரிந்தவரே தேர்ந்தவர். தொப்பையை மூன்றே புள்ளியில் முடித்தேன். அன்று காபி குடிக்கும்போது ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கறுப்பு. கறுப்பு மையை மட்டும் நூறு சதவீதம் அடித்தால் அட்டையில் அது அடுப்புச் சாம்பல் போல வெளுத்து நிற்கும். அடியில் நீலம் கொடுக்க வேண்டும். கொஞ்சம் சிவப்பும் கொடுத்தால் மயிருக்குள் சூடு வரும். ரொம்பக் கொடுத்துவிட்டால் மை காயாமல் மேலே விழும் தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். நீலத்தை ஏற்றி, இறக்கி, திரையை நம்பாமல், தினம் ஒரு துண்டு அச்சடித்து வாசல் வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தேன். திரை பொய் சொல்லும், வெயில் சொல்லாது. புஸ்வாணத்தின் மஞ்சள் வெளிச்சம் காதோரம், தோளோரம், தொப்பையோரம் நூல் மாதிரி வழிய வேண்டும். அந்த ஒரு நூலுக்கு இரண்டு நாள். கண்ணில் வெள்ளைப் பொட்டு வைக்க ஒன்றுமே செய்ய வேண்டாம். எங்கள் தொழிலில் வெள்ளை என்று ஒரு மை கிடையாது. மை படாமல் விட்ட காகிதம்தான் வெள்ளை. விட்டேன். கரடி என்னைப் பார்த்தது.

தூக்கிய கைக்கு நாலு விரல் போட்டேன். படித்த இடத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். கார்ட்டூன் மிருகத்துக்கு நாலு விரல் போதும். ஐந்து போட்டால் சின்ன அளவில் வாழைச்சீப்பு மாதிரி நெருங்கிப் போகும். நான் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. நாரணாபுரத்தில் பிறந்தவள், டப்பா ஒட்டுகிறவளின் மகள், தினமும் வேலுச்சாமி சாரின் கையைப் பார்க்கிறவள், பட்டாசு டப்பாவில் ஒரு விரல் குறைந்த கையை வரைந்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

சார் ப்ரூஃபைத் தலைகீழாகத் திருப்பினார். லென்ஸ் எடுத்தார். வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. புள்ளி வைக்கவில்லை. கையெழுத்துப் போட்டார். "கறுப்பு நல்லா வந்திருக்கும்மா" என்றார். அவர் வாயிலிருந்து 'நல்லா' என்ற வார்த்தை வந்து நான் கேட்டது அதுதான் முதல் முறை.

அச்சாகி, வெட்டி, மடித்து, கட்டுக்கட்டாக நாரணாபுரம் போனது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. சீசனில் புது டப்பாக் கட்டு வந்தால், முதல் டப்பாவை எடுத்து மாரியம்மன் படத்தடியில் வைத்து, சந்தனமும் குங்குமமும் தொட்டு வைத்த பிறகுதான் மற்றதில் கை வைப்பார்கள். சூடம் கிடையாது, அங்கே சாமிக்கும் தீ காட்டக் கூடாது. அன்று குங்குமம் எடுத்தவள் எங்கள் தெரு முத்துமாரி அக்கா. எங்கே வைப்பது என்று பார்த்திருக்கிறாள். கரடி கையை விரித்துக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த உள்ளங்கையிலேயே வைத்தாள். கைதவறிக் குங்குமம் விரல் ஓரத்தில் வழிந்தது. அப்போதுதான் எண்ணினாள்.

சிவந்த கை. ஒரு விரல் இல்லை.

டப்பாவைக் கீழே வைத்தவள் திரும்ப எடுக்கவில்லை. மற்றவர்களும் எடுக்கவில்லை. சண்டை இல்லை, சத்தம் இல்லை. சும்மா கையைக் கட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

மதியம் அண்ணாச்சி அச்சகத்துக்கு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு கட்டு டப்பாவை மேசைமேல் கொட்டினார். எங்கள் முதலாளி ஓடி வந்தார்; நாங்கள் மூன்று பேரும் எழுந்து நின்றோம்.

"எண்ணுங்கய்யா. யாராச்சும் எண்ணுங்க! எத்தனை வெரலு இருக்கு? ஆடியில இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போறேன்னு நேந்துக்கிட்டு, ஒரு பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு நாளை எண்ணிக்கிட்டு இருக்கேன். நீங்க வெரலு போன கையை அடிச்சு என் வீட்டுக்கே அனுப்புறீகளே!" குரல் உடைந்தது. கோபம் என்று நினைத்தேன். கோபமில்லை, பயம்.

முதலாளி எங்கள் பக்கம் திரும்பினார். "யாரு வரைஞ்சது?"

முந்தின மாதம்தான் அம்மாவை "போதும்மா" என்று சொல்லி வேலையிலிருந்து நிறுத்தியிருந்தேன். இந்த வேலை போனால் அவள் நாளைக்கே பையைத் தூக்கிக்கொண்டு கம்பெனி வண்டியில் ஏறிவிடுவாள். பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்கும் தெரியும். அவர்கள் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தைதான். 'நான்.' அது வரவில்லை.

"வரைஞ்சது யாரா இருந்தா என்ன முதலாளி? பார்த்து அனுப்புனது நான். என் கையெழுத்துல்ல கெடக்கு" என்றார் வேலுச்சாமி சார்.

"படத்தைத் தலைகீழா வச்சுப் பாக்காதீருன்னு எத்தனை வாட்டி சொல்லியிருப்பேன்!" என்று முதலாளி கத்தினார்.

"உமக்குமா தெரியல வேலு? இம்புட்டு வருசமா பாக்குறீரு, ஒரு வெரலு இல்லாதது உம்ம கண்ணுக்குத் தெரியலையா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

மின்விசிறிக் காற்றில் ப்ரூஃப் தாள் எழும்பிப் பறக்கப் பார்த்தது. சார் பையிலிருந்து இடது கையை எடுத்து அதை அமுக்கிப் பிடித்தார். பறக்காமல் இருக்கத்தான் பிடித்தார்; வேறு எதற்கும் இல்லை. கரடியின் கைக்குப் பக்கத்தில் அவர் கை. நாலு, நாலு.

அண்ணாச்சி பார்த்தார். அப்புறம் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "தண்ணி குடுங்கப்பா" என்றார். குடித்துவிட்டு, தணிந்த குரலில், "எங்கன வச்சுப் போச்சு வேலு?" என்று கேட்டார்.

"பழைய கதை அண்ணாச்சி. இப்ப அட்டைக்கு என்ன செய்யணும்னு பேசுவோம்."

அன்றும் மறுநாளும் ஐந்தாவது விரலோடு மல்லுக்கட்டினேன். ஒரு விரலைச் சேர்ப்பது என்பது ஒரு விரலைச் சேர்ப்பது இல்லை. இடம் வேண்டும், இடம் வேண்டுமென்றால் உள்ளங்கை அகல வேண்டும், உள்ளங்கை அகன்றால் மணிக்கட்டு தடிக்க வேண்டும், மணிக்கட்டு தடித்தால் கரடி கூப்பிடாது, அறைய வரும். என் இடது கையையே திரைக்குப் பக்கத்தில் தூக்கி வைத்துக்கொண்டு, வலது கையால் புள்ளியை இழுத்தேன். விரல்களைக் கொஞ்சம் சிறுத்து, கொஞ்சம் விரித்து, மஞ்சள் வெளிச்சத்தை ஒவ்வொரு விரலின் ஓரத்திலும் தனித்தனியாக வழியவிட்டபோதுதான் கை கையாயிற்று.

ப்ரூஃபை சாரிடம் நீட்டினேன். அவர் அதைத் திருப்பவுமில்லை, லென்ஸை எடுக்கவுமில்லை. "எங்கிட்ட எதுக்கும்மா? டப்பாவைத் தொடப்போறது அவுக. நாரணாபுரம் போயி அவுககிட்டக் காட்டு மொதல்ல" என்றார்.

போனேன். சாப்பாட்டு நேரம், வேப்பமரத்தடியில் தூக்குவாளிகளைத் திறந்து வைத்திருந்தார்கள். படம் கைமாறிக் கைமாறிப் போனது. ஒவ்வொருத்தியும் விரல் நுனியால் தொட்டு எண்ணினாள்.

"இந்தக் கரடியை நீயாத்தா வரைஞ்ச?" என்றாள் முத்துமாரி அக்கா.

"ஆமாக்கா. பழசையும் நான்தான் வரைஞ்சேன்."

"ஏன்த்தா, வெரலு வரைய மையி பத்தலையோ?"

"உலகம் பூரா படத்துல வர்ற மிருகத்துக்கு நாலு வெரலுதான்க்கா போடுவாக. அப்படித்தான் படிச்சேன்."

முத்துமாரி அக்கா யோசித்தாள். "அப்ப உலகத்துல இருக்கிற கரடி பூராம் நம்ம ஊருக்கு வேலைக்கு வந்துட்டுல்ல போயிருக்கு" என்றாள்.

மரத்தடியே குலுங்கிச் சிரித்தது. ஒருத்திக்குப் புரையேறி மற்றவள் தலையில் தட்டினாள். பிறகு யாரும் சொல்லாமலே சிரிப்பு அடங்கியது. முத்துமாரி அக்கா என் கையில் படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "அடிச்சு அனுப்பச் சொல்லுத்தா. ஒட்டுவோம்."

அந்தப் பெண்களிடம் 'நான்தான்' என்று சொல்ல முடிந்தது. முதலாளியிடம் முடியவில்லை. திரும்பி வந்தபோது முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ரெண்டே நாள்ல சரிபண்ணிட்டியே, கெட்டிக்காரி" என்றார். அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை வேலுச்சாமி சாரைப் பேப்பர் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். செக்‌ஷனை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். அவருடைய நாற்காலியில், தப்புச் செய்த நான், தப்பைத் திருத்தியவள் என்ற பெயரோடு உட்கார்ந்தேன்.

கரடி நன்றாக விற்றது. வடக்கே லோடு லோடாகப் போனது. அதற்கப்புறம் நாலு வருடம், நல்ல கறுப்பு வந்த ஷீட் ஒன்றைத் தினமும் குடோனுக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். ரீம் கட்டுகளுக்கு நடுவில், பக்கவாட்டில்தான் நடக்க முடிகிற சந்தில் நின்று, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். நான் சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்புவேன். சொல்வதற்கு நாள் தள்ளத் தள்ள, சொல்வது இன்னும் பெரிதாகிக்கொண்டே போகும். இதைக் கவிதா, நீ நினைவில் வைத்துக்கொள்.

மகளோடு இருக்கச் சென்னைக்குப் போகிறேன் என்று ஒரு நாள் வேலையை விட்டார். விருதுநகர் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன். சாயங்காலம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்து, இடது கையால் கம்பியைப் பிடித்திருந்தார். சென்னையில் அந்தக் கையைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று நினைத்தாரோ என்னவோ.

"சார், ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு அந்தக் கரடி கையை நீங்க பார்த்தீகளா, பாக்கலையா?"

"பார்த்தேம்மா. லென்ஸ் வச்சே பார்த்தேன்."

"பெறகு ஏன் சார் விட்டீக?"

கம்பியிலிருந்த கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "முப்பது வருசமா இந்தக் கையைத்தானம்மா பாக்குறேன். என் கண்ணுக்கு அது முழுக் கையாத்தான் தெரிஞ்சுது."

வண்டி ஒரு முறை குலுங்கியது. இனி நேரமில்லை. "வரைஞ்சது நான்னு முதலாளிகிட்ட நான் சொல்லியிருக்கணும் சார். இன்னைக்கு வரைக்கும் சொல்லல" என்றேன்.

அவர் சிரித்தார். வண்டி நகர்ந்தது, கூடவே நடந்தேன்.

"நல்லவேளை, சொல்லாம இருந்த. சொல்லியிருந்தா ரெண்டு பேரையும்ல குடோனுக்கு அனுப்பியிருப்பாரு. அங்கன ஒரு ஆளு நிக்கவே எடம் பத்தாதும்மா."